விளிம்புக்குக் கீழே

எழுத்தெல்லாம் வீங்கிப்போய் இருக்கிறது. ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி ஒவ்வொன்றும் உப்பி, ஓரம் கரைந்து, பக்கத்து எழுத்தின் மேல் சாய்ந்து நிற்கிறது. மிருதுளாவைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். தன்னைப் புதுப்பித்துக்கொள்வதாகவும் அணைக்க வேண்டாம் என்றும் நீலத் திரையில் காட்டியது. பண்ணிக்கொள் என்று விட்டுவிட்டுத் தோசைக்கல்லைக் கழுவி, துணி காயப்போட்டுவிட்டு வந்து, ஆபீஸ் பக்கத்தைத் திறந்தால் இப்படி. மணி பத்து நாற்பது. பன்னிரண்டுக்குள் இந்தப் பெட்டியில் ஒன்றைத் தேர்ந்து அனுப்பியாக வேண்டும். பெட்டி திரையின் நடுவில்தான் இருக்கிறது, ஆனால் பெருத்துவிட்டது. மேலே கம்பெனியின் பெயர், அதன் கீழே நான்கு பத்தி விதிமுறை, அதற்கும் கீழே, திரையின் கடைசி விளிம்பில், முதல் தேர்வு: வீட்டிலிருந்தே வேலையைத் தொடர விரும்புகிறேன். அதன் பக்கத்து வட்டத்தில் கம்பெனியே ஒரு புள்ளி வைத்துக் கொடுத்திருக்கிறது. அலுவலகத்துக்கு வர விரும்புகிறேன் என்கிற இரண்டாவது, விளிம்புக்குக் கீழே போய்விட்டது. அனுப்புகிற பட்டன் அதற்கும் கீழே. மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பின்னால் இருக்கிற பக்கம் நகர்கிறது, பெட்டி நகரவில்லை. பிடித்து மேலே இழுத்தால் வரவில்லை. பக்கத்தைச் சின்னதாக்கிப் பார்த்தேன். பின்னால் இருப்பது எறும்பாகிவிட்டது, பெட்டி அப்படியே. போனில் இந்தப் பக்கம் திறக்காது, ஆபீசில் பதிந்துவைத்த கம்ப்யூட்டரில் மட்டும்தான். பன்னிரண்டு வரை எதுவும் செய்யாதவர்கள் வீட்டையே தேர்ந்ததாக எடுத்துக்கொள்ளப்படும், பிறகு மாற்ற முடியாது என்று மூன்றாவது பத்தி சொல்கிறது. அதை மட்டும் நன்றாகப் படிக்க முடிகிறது. கதவருகில் நின்றாலும் படிக்கலாம். அதுதான் பயமாக இருக்கிறது.

ஏனென்றால் கதவுக்கு அந்தப் பக்கம் ஹாலில் அவர், என் வீட்டுக்காரர், இருக்கிறார். போன வெள்ளிக்கிழமை மழையில் பைக் சறுக்கி, இடது கணுக்கால் சுளுக்கி, பத்து நாள் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் கட்டுப்போட்டு அனுப்பிவிட்டார். காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் பார்க்கிறவர். பதினெட்டு வருஷமாக ஊரார் கம்ப்யூட்டரையெல்லாம் திறந்து மூடுகிற கை, ஆறு நாளாக டிவி ரிமோட்டை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஏனுங்க, ஸ்கிரீன் மங்குதுங்க என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், அவர் முகம் மலர்ந்துவிடும். ஐந்து நிமிஷத்தில் சரி செய்துவிடுவார். பூபதி கெட்டவர் இல்லை. இதை நான் எனக்கே எத்தனை தடவை சொல்லிக்கொள்கிறேன் என்று எண்ணிப் பார்த்தால் ஒருவேளை வேறு ஏதாவது புரியுமோ என்னவோ. இந்த மேஜையின் உயரத்தை என் முழங்கையை மடக்கச் சொல்லி அளந்து செய்தது அவர். இந்த நாற்காலி அவர் பார்த்து வாங்கியது. வெளிச்சம் கண்ணில் அடிக்கக் கூடாதென்று மேஜையைச் சுவரைப் பார்க்கப் போட்டதும் அவர்தான். ஆறு வருஷமாக நான் பார்ப்பது இந்தத் திரை, திரைக்குப் பின்னால் ஒரு முழம் சுவர், சுவரில் எப்போதோ பெய்த மழைக்கு ஊறிய ஒரு திட்டு. கதவு என் முதுகுக்குப் பின்னால். யார் வந்தாலும் அவர்கள் என்னைப் பார்த்த பிறகுதான் நான் அவர்களைப் பார்க்க முடியும்.

ஒரு தடவை அணைத்துப் போட்டேன். அப்படியே வந்தது. பின்னால் கையை விட்டு வயரைக் கழற்றி, ஊதி, மறுபடி செருகினேன். டிஸ்ப்ளே அமைப்புக்குள் போய்ப் பார்த்தால் எண்ணூறுக்கு அறுநூறு என்று ஒரே ஒரு அளவு, அதுவும் சாம்பல் நிறத்தில், தொட்டால் திறக்கவில்லை. அகலமான திரையில் சின்னப் படத்தை இழுத்து நிரப்பியிருக்கிறது, அதனால்தான் எல்லாம் பக்கவாட்டில் பருத்து, முகம் தெரியாமல். இல்லை, ஒருவேளை என் கண்தானோ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போடுகிறேன். சுவர்த் திட்டின் ஓரம் கூர்மையாகத்தான் தெரிகிறது. ஒரு முழத்துக்குள் இருப்பதெல்லாம் எனக்குத் தெரியும். மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போகும்போதுதான் மலை இருக்கிற பக்கம் வெறும் நீலப் புகையாக இருக்கிறது. போன வருஷம் கண் டாக்டர், தூரமா ஏதாச்சும் பாக்கறீங்களாம்மா என்று கேட்டபோது, தூரமா என்ன பாக்கணும் டாக்டர் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். மங்கலான பார்வைக்கு ஒரு எண் உண்டு, எச் ஐம்பத்து மூன்று புள்ளி எட்டு. அமெரிக்க டாக்டர்கள் எழுதிய நோயாளிக் குறிப்பைப் படித்து நோய்க்கு நோய் எண் போடுவதுதான் என் வேலை, மெடிக்கல் கோடிங். கணுக்கால் சுளுக்குக்கு எஸ் தொண்ணூற்று மூன்று புள்ளி நான்கு. கிளி கொத்தினதற்குக்கூட எண் இருக்கிறது. கணவனோடு பிணக்கு என்பதற்கும் இருக்கிறது, இசட்டில் ஆரம்பிக்கும். ஆனால் எங்களுக்குள் பிணக்கு எதுவும் இல்லையே. போன ஞாயிற்றுக்கிழமை சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, வீட்லயே போட்டுரு கோகிலா, உனக்கெதுக்கு அலைச்சல், மிருதுவும் சின்னப் புள்ள என்றார். செரிங்க என்றேன். திங்கட்கிழமை சாயங்காலம், போட்டுட்டியா என்றார். போட்டுட்டேங்க என்றேன். இதில் பிணக்கு எங்கே இருக்கிறது. ஒருத்தர் கேட்டார், ஒருத்தி சரி என்றாள்.

கீரணத்தம் ஆபீசில் ஐந்தாவது மாடி. நான் உட்கார்ந்த வரிசைக்கு ஜன்னல் மேற்கே பார்த்து இருந்தது. நாலு மணிக்கு வெயில் சரிந்து திரையில் விழுந்தால் பக்கத்து சீட் ஜெசிந்தா எழுந்துபோய்த் திரைச்சீலையை இழுப்பாள், இழுக்கும் சாக்கில் ஐந்து நிமிஷம் அங்கேயே நிற்பாள், நானும் போய் நிற்பேன். மலையடிவாரத்தில் ஏதாவது ஒரு இடத்தில் எப்போதும் புகை எழுந்துகொண்டிருக்கும். என்ன பேசினோம் என்று ஒன்றுகூட ஞாபகம் இல்லை. ஒரு தடவை ஒரு நோயாளிக் குறிப்பில், வான்கோழியை விரட்டிக்கொண்டு ஓடி வேலியில் விழுந்தவர் என்று இருந்ததற்கு இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, டீம் லீடர் வந்து நின்றதும் சிரிப்பு அடங்காமல் பாத்ரூமுக்கு ஓடினோம், அது ஞாபகம் இருக்கிறது. இப்போதும் அந்த மாதிரிக் குறிப்புகள் வருகின்றன. போன வாரம் ஒருவர் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு மாட்டிக்கொண்டிருந்தார். படித்தேன், எண் போட்டேன், அடுத்ததைத் திறந்தேன். சிரிப்பு வந்ததா என்றுகூடத் தெரியவில்லை, சிரித்தால் சுவர்தான் பார்க்க வேண்டும். மிருதுளா பிறந்து எட்டாவது மாதம் ஊரடங்கு வந்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் என்றுதான் சொன்னார்கள். ஆபீசுக்குப் போட்டுப்போகிற செருப்பைத் துடைத்து அட்டைப்பெட்டிக்குள் வைத்தேன். போன மாதம் எடுத்துப் பார்த்தால் அடிப்பாகம் ரொட்டித்தூள் மாதிரி உதிர்ந்தது. யாரும் நடக்கவில்லை, தேயவில்லை, பெட்டிக்குள் இருந்தே இற்றுப்போய்விட்டது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு அன்றைக்கே கீழ் வீட்டு ராஜாமணி அக்காவிடம் போய், சும்மா கேட்கிற மாதிரி, மிருதுவைப் பள்ளி விட்டதும் உங்க டியூஷன்ல ஆறு மணி வரைக்கும் வெச்சுக்குவீங்களாக்கா என்று கேட்டேன். கேட்டது என் குரல்தான். ஆனால் மாடி ஏறி வரும்போது நான் எதையோ திருடிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது.

பத்து ஐம்பத்தைந்து. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும், இங்கே கேட்க யாரும் இல்லை, ஒப்புக்கொள்ளலாம். இந்தப் பெட்டி திங்கட்கிழமை காலை திறந்தது. திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் திரை கண்ணாடி மாதிரி இருந்தது. பதினோரு தடவை திறந்தேன். இரண்டாவது வட்டத்தின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தேன். விரல் அழுத்தவில்லை. ஒரு தடவை அழுத்தியும்விட்டேன், புள்ளி இறங்கி அலுவலகத்தில் உட்கார்ந்தது, அனுப்பாமல் மூடிவிட்டேன். தெளிவாக இருந்த மூன்று நாளும் சும்மா இருந்துவிட்டு, இன்றைக்கு மங்கின பிறகு இதன் மேல் விழுந்து பிராண்டிக்கொண்டிருக்கிறேனே, ஏன். காலையில் இந்த வீங்கின எழுத்தைப் பார்த்தவுடன் முதலில் நெஞ்சுக்குள் வந்தது பயம் இல்லை. அது என்ன என்று எனக்குத் தெரியும். பரீட்சை அன்று காய்ச்சல் வந்தால் வருகிற நிம்மதி. பன்னிரண்டு அடித்தால் முடிந்தது, என் மேல் தப்பில்லை, திரைதான் காட்டவில்லை, நான் என்ன செய்வேன். அந்த நிம்மதியைக் கண்டுதான் பயந்தேன். அது இன்னும் அங்கேயே இருக்கிறது, அடுப்புக்குப் பக்கத்தில் சுருண்ட பூனை மாதிரி, எழுப்பினாலும் எழுந்துபோக மாட்டேன் என்கிறது.

ஆபீஸ் ஹெல்ப்டெஸ்க்குக்குப் போன் போட்டேன். இருபது நிமிஷம் பாட்டு. பிறகு ரிஸ்வான் என்று பேர் சொல்லி ஒரு குரல், நிதானமான குரல். நான் ஒரு எண்ணைச் சொல்ல, அவர் அங்கிருந்தே என் கம்ப்யூட்டருக்குள் வந்தார். மவுஸிலிருந்து கையை எடுத்துடுங்க மேடம் என்றார். எடுத்தேன். அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தது. என் திரைக்குள் இன்னொரு ஆளின் கை, நான் மடியில் இரண்டு கையையும் கோத்து வைத்துக்கொண்டு பார்க்கிறேன். அவர் எதையோ திறந்து, இன்னொன்றைத் திறந்து, நீளமான ஒரு பட்டியலில் மஞ்சள் முக்கோணம் போட்டிருந்த ஒரு வரியில் வந்து நின்றார். திரையில் எப்படிக் காட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லித் தருகிற டிரைவர், காலை அப்டேட்டில் கழன்றுவிட்டதாம். எது உங்கள் திரை என்று அதற்கு இப்போது தெரியவில்லை, அதனால் எந்தத் திரைக்கும் பொதுவான சின்ன அளவில் காட்டுகிறது என்றார். பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் போதும். போட ஆரம்பித்தார். உடனே குறுக்கே ஒரு கட்டம் வந்து பாஸ்வேர்டு கேட்டது. அவர் பொருத்திக் கொடுத்த இந்தக் கம்ப்யூட்டருக்கு இரண்டு பாஸ்வேர்டு. தினமும் திறக்க ஒன்று, அது என்னுடையது. புதிதாக எதையாவது போட, எடுக்க, இன்னொன்று, அது அவருடையது. மறைத்து வைத்தது என்று சொல்ல மாட்டேன். நானே வந்து போட்டுத் தர்றேன், உனக்கெதுக்கு அந்தத் தலவேதனை என்பார், வந்து போட்டும் தருவார். அவர் அடிக்கும்போது நான்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், ஏடிஎம்மில் முன்னால் இருப்பவருக்காகத் திரும்பி நிற்கிற மாதிரி. பாஸ்வேர்டு எனக்குத் தெரியாதுங்க என்று ரிஸ்வானிடம் சொன்னேன். யாருக்குத் தெரியும் மேடம் என்றார். எங்க வீட்டுக்காரருக்கு. அவர் இருக்காரா. வெளிய போயிருக்காருங்க என்று என் வாய் சொல்லி முடிக்கவும், ஹாலிலிருந்து, கோகிலா, மோர் இருக்குதா என்று அவர் குரல் வரவும் சரியாக இருந்தது. பிறகு ரிஸ்வான், அவர் வந்ததும் கூப்பிடுங்க மேடம் என்றார், அதே நிதானத்தோடு. இந்தப் பெட்டியில் எனக்குப் பதிலாக நீங்களே ஒன்றை அழுத்திவிட முடியுமா என்று கேட்டேன். அதை மட்டும் நாங்க தொடக் கூடாது மேடம் என்றார். அம்புக்குறி நின்றுவிட்டது. அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் மவுஸைத் தொடவில்லை நான்.

மோரில் உப்புப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப்போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். போன்ல யாரு என்றார். ஆபீசுங்க என்றேன். கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் வைத்திருந்தார், விரல்கள் வீங்கிப் பளபளவென்று இருந்தன. வலிக்குதுங்களா என்றேன். இப்பப் பரவால்ல என்றார். இவரிடம் போய் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன், எதற்கு. சொன்னால் அடிப்பாரா, திட்டுவாரா. ஒன்றும் செய்ய மாட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, உன் இஷ்டம் என்பார். அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதில் நான் சுருங்கிச் சுருங்கி, இல்லைங்க, சும்மாதான் சொன்னேன் என்று நானே அதைத் திரும்ப எடுத்துவிடுவேன். பத்து வருஷமாக எத்தனையோ அப்படிப் போயிருக்கிறது. தைக்கப் பழகப் போகிறேன் என்றது, ஸ்கூட்டி ஓட்டுகிறேன் என்றது. ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டது நான்தான். அவர் எதையும் பறிக்கவில்லை. அவர் பேசாமல் இருந்தார், அவ்வளவுதான்.

பதினொன்று இருபத்தைந்து. திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஒன்று தோன்றியது. மவுஸ் எதற்கு, நாள் முழுக்க மவுஸைத் தொடாமல் கீபோர்டிலேயே எண் போடுகிறவள்தானே நான். கீழே இறங்குகிற கீயை ஒரு தடவை அழுத்தினால் புள்ளி முதல் தேர்விலிருந்து இரண்டாவதுக்கு இறங்கும். அழுத்தினேன். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த புள்ளி மறைந்தது. வட்டம் காலியாக நின்றது. எங்கேயோ விளிம்புக்குக் கீழே, என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அது அலுவலகத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. இனி பட்டனுக்குப் போக டேப் கீ ஒன்று, அனுப்ப என்டர் ஒன்று. விரலைக் கொண்டுபோகும்போதுதான் அதற்கும் கீழே இருக்கிற மூன்றாவது தேர்வு ஞாபகம் வந்தது. பணியிலிருந்து விலக விரும்புகிறேன். இந்தக் கீபோர்டில் அந்தக் கீழிறங்கும் கீ சில நேரம் ஒரு அழுத்துக்கு இரண்டாக விழும். மிருதுளா அதன் மேல் ஜூஸ் கொட்டினதிலிருந்து அப்படி. இரண்டாக விழுந்திருந்தால் புள்ளி அலுவலகத்தில் இல்லை, அதற்கும் கீழே இருக்கிறது. ஒன்றா இரண்டா. சத்தத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு டக் கேட்டது. ஒரு டக்கில் இரண்டு விழாதா. மேலே ஏற்றினேன், புள்ளி வீட்டுக்கு வந்தது. ஒரே அழுத்தில் வந்ததா, அவசரத்தில் இரண்டு அழுத்தினேனா, தெரியவில்லை. மறுபடி இறக்கினேன். மறைந்தது. மறுபடி ஏற்றினேன். இப்படியே எத்தனை தடவை என்று தெரியாது. குருடி கிணற்றங்கரையில் காலை நீட்டி நீட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு கீயை அழுத்திக்கொண்டே இருந்தேன், அழுத்தின கையோடு உள்ளே அந்தப் பூனை, விட்டுவிடு, நீ முயற்சி பண்ணிவிட்டாய், விட்டுவிடு என்று உறுமிக்கொண்டே இருந்தது.

பின்னால் சுவரை உரசுகிற சத்தம். ஒற்றைக் காலில் தத்தி, கையைச் சுவரில் ஊன்றி ஊன்றி, அவர் வந்துவிட்டார். கீ சத்தமே காணோமே, ஒத்தக் கீ மட்டும் டக்கு டக்குங்குதேன்னு பாத்தேன் என்றார். நான் வேலை செய்வதும் செய்யாததும் அவருக்கு ஹாலில் உட்கார்ந்தபடியே கேட்கும் என்று இத்தனை வருஷம் நான் யோசித்ததே இல்லை. மூட நேரமில்லை. கையால் பொத்தினாலும் மறையாத பெரிய எழுத்து. புள்ளி அப்போது வீட்டில்தான் இருந்தது. முதுகில் அவர் மூச்சு பட்டது. படிக்கிறார் என்று தெரிந்தது.

“திங்கக்கெழமையே போட்டுட்டேன்னு சொன்னே.”

ஸ்கிரீனப் பாருங்க, எப்பிடி இருக்குன்னு என்றேன். அது பதில் இல்லை. ஆனால் அவருக்கு அது போதுமாக இருந்தது, உடைந்துபோன ஒன்றைப் பார்த்தால் அவருக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். டிரைவர் போயிருக்குது, எந்திரி என்றார். எழுந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுக் காலை மேஜைக்கடியில் மெல்ல நீட்டிக்கொண்டு, இரண்டு தட்டில் அந்த மஞ்சள் முக்கோணத்துக்குப் போய்விட்டார். பாஸ்வேர்டு கட்டம் வந்தது. அடித்தார். இந்தத் தடவை நான் முகத்தைத் திருப்பவில்லை, ஆனால் அவர் விரல் வேகத்துக்கு என் கண் ஓடவில்லை. எப்போதோ அவர் எடுத்துவைத்திருந்த டிரைவரைத் தேடிப் பிடித்து ஓடவிட்டார். ஒரு பச்சைக் கோடு நகர்ந்தது. ரீஸ்டார்ட் ஆகணும் என்றார். ஆபீஸ் பக்கம் போயிருமேங்க என்றேன். திருப்பித் தொறந்தா வந்துரும் என்று அழுத்திவிட்டார். பதினொன்று நாற்பத்தெட்டு. திரை கறுத்தது.

கறுத்த திரையில் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்தோம். அவர் உட்கார்ந்து, நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று, கல்யாண போட்டோவில் நின்ற மாதிரி. ஆறு வருஷமாக இந்தத் திரையில் எழுத்தைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் முகத்துக்குச் சொல்ல முடியாததை அந்தக் கறுப்புக்குள் தெரிந்த முகத்துக்குச் சொல்லலாம் போல இருந்தது. இது எப்போது வேண்டுமானாலும் வெளிச்சமாகிவிடும், அதற்குள்.

“நான் திங்கக்கெழம போடலீங்க. பொய் சொன்னேன். ஆபீசுக்குப் போறேன்னு போடப் போறேன்.”

திரையில் அவர் முகம் அசையவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் வந்துவிட்டது. நான் எதிர்பார்த்த அதே கொஞ்ச நேரம், அதே நீளம். தொண்டைக்குள், இல்லைங்க, சும்மாதான் என்பது உருண்டு வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். திரையின் நடுவில் சின்னப் புள்ளிகள் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன, எங்கள் முகத்தின் மேலேயே சுற்றின. மிருதுவை யாரு பாப்பாங்க என்றார் கடைசியில். ராஜாமணி அக்கா டியூஷன்ல ஆறு மணி வரைக்கும் வெச்சுக்கறேன்னாங்க என்றேன். எப்பக் கேட்டே. போன மாசங்க. பொய்யைவிட அந்தப் போன மாசம்தான் அவருக்கு வலித்தது என்று முதுகிலேயே தெரிந்தது. சட்டைக் காலர் ஓரமாகப் பின்கழுத்தில் நரைத்த மயிர் இரண்டு மூன்று. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாவமாக இருந்தது. பாவமாக இருந்தால் சொன்னதை எடுத்துவிட வேண்டும் என்று ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொன்னேன், சொல்லிக்கொண்டே இருந்தேன், நிறுத்தினால் எடுத்துவிடுவேன் போல இருந்தது.

திரை ஒரு தடவை வெளிச்சமாகி, மறுபடி கறுத்து, பிறகு விரிந்தது. எல்லாம் சின்னதாக, கூர்மையாக, ஊசியால் குத்தி எழுதின மாதிரி. என் தினசரி பாஸ்வேர்டைக் குனிந்து நானே அடித்தேன். ஆபீஸ் பக்கத்தை அவர் திறந்தார். பெட்டி வந்தது, இத்தனூண்டு பெட்டி, மூன்று தேர்வும், பட்டனும், ஓரத்தில் கடிகாரமும் எல்லாம் ஒரே பார்வைக்குள். பதினொன்று ஐம்பத்து மூன்று. அவர் கை மவுஸ் மேல் இருந்தது. அம்புக்குறி மெல்ல நகர்ந்து இரண்டாவது தேர்வுக்குப் போயிற்று. இதுதானே, நானே போட்டர்றேன் என்றார். கோபமில்லாத குரல். எனக்காகப் போட்டுத் தருகிற அதே பழைய குரல். ஒரு விநாடி, செரிங்க என்று சொல்லத்தான் இருந்தேன். வேண்டியது அதுதான், அவரே சம்மதித்து அவரே அழுத்துகிறார், இதைவிட என்ன வேண்டும். ஆனால் அவர் கையால் போட்டால் நாளைக்கு அது அவர் கொடுத்ததாக இருக்கும், இந்த மேஜை மாதிரி, இந்த நாற்காலி மாதிரி.

“வேண்டாங்க. நீங்க எந்திரிங்க.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார், திரையில் இல்லை, நேராக. பிறகு மவுஸை விட்டார். எழ நேரமாயிற்று. மேஜையைப் பிடித்து, நாற்காலியின் கையைப் பிடித்து, கட்டுக் காலை வெளியே இழுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்தார். எப்போதும் கை கொடுப்பேன். இப்போது கொடுத்தால் அந்தக் கையோடு மற்றதையும் கொடுத்துவிடுவேன் என்று பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பதினொன்று ஐம்பத்தாறு. அவர் சுவரில் சாய்ந்து ஒற்றைக் காலில் நின்றார். உட்கார்ந்தேன். நாற்காலி அவர் சூட்டில் இருந்தது. இரண்டாவது வட்டத்தில் அழுத்தினேன், புள்ளி வந்தது, பார்த்தேன், சரிதானா என்று இன்னொரு தடவை பார்த்தேன், அனுப்பினேன். உள்ளே பூனை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை, சந்தோஷமும் இல்லை, கை மட்டும் சில்லென்று இருந்தது. உங்கள் தேர்வு பதிவாகிவிட்டது, அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை எட்டரைக்கு வர வேண்டும் என்று ஒரு வரி வந்தது. அவரும் படித்தார். ஸ்கிரீன் தெளிவா இருக்குதா என்றார். இருக்குதுங்க என்றேன்.

அப்புறமும் அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். வந்த வேகத்தில் வந்துவிட்டார், இப்போது அந்தக் காலால் திரும்பிப் போக முடியவில்லை. கொஞ்சம் புடிக்கறயா என்றார். எழுந்து தோளைக் கொடுத்தேன். கையைச் சுற்றிப் போட்டுக்கொண்டு முழுப் பாரத்தையும் சாய்த்தார். அறையை விட்டு வெளியே வந்தோம். ஹாலில் டிவி யாருக்காகவோ பேசிக்கொண்டிருந்தது. நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, அதுக்குள்ள காலு ஆயிரும், நான் வண்டில கொண்டுபோய் விட்டர்றேன் என்றார்.

“பஸ்ஸுல போய்க்கறேங்க” என்றேன்.

அவர் கை என் தோளிலேயே இருந்தது, கனம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சோபாவுக்கு இன்னும் ஆறு எட்டு வைக்க வேண்டியிருந்தது.